கயிறு இழுத்தவன் யார்?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரவல் வாங்கிப் போயிருந்த ஆங்கிலக் கடல் நாவல் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"என்ன இருந்தாலும் ஸார், பாய்மரக் கப்பல் காலம் ஒரு காலம்தான்! காற்று, அலை, நட்சத்திரம், சுதந்திரம்! அந்தக் காலத்தில் ஒரு மாலுமியாகப் பிறந்திருக்க வேண்டும். நாமும் பிறந்தோமே, பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பதற்கு!" என்றார்.

காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் மட்டு" என்றார். உள்ளேயிருந்து சர்க்கரை வருகிற வரையில் டம்ளரைத் தொடவில்லை.

நண்பரைக் குறை சொல்வதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அவர் படித்ததை நம்பினார். வாசகர் வேறு என்ன செய்வார்? என் கோபமெல்லாம் அவருக்கு அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் பேரில். அந்த வரிசையின் கடைசியில் அடியேனும் நிற்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு கப்பல் அத்தியாயம் உண்டு. நிலவு காய்கிறது, மேல்தளத்தில் கதாநாயகி, அவள் கூந்தலைக் கலைக்கும் காற்று, பக்கத்தில் கதாநாயகன். திடீரென்று காற்று திசை மாறுகிறது. "பாய்கள் திருப்பப்பட்டன" என்று ஒரு வரி எழுதிவிட்டு, காதல் வசனத்துக்குப் போய்விட்டேன்.

பாய்கள் திருப்பப்பட்டனவாம்! யார் திருப்பினார்கள்? எத்தனை பேர்? அவர்கள் கடைசியாக எப்போது தூங்கினார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? மாதம் என்ன சம்பளம்? அந்த வாரம் வந்த கடிதங்களில் கதாநாயகியின் புடவை நிறத்தைக்கூட விசாரித்திருந்தார்கள். இதை ஒருவரும் விசாரிக்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. செயப்பாட்டு வினை என்று இலக்கணத்தில் ஒன்று இருக்கிறதே, அது எழுத்தாளனுக்கு வாய்த்த பெரிய சௌகரியம். காரியம் நடந்துவிடும், செய்தவன் கண்ணில் பட மாட்டான்.

கடற்கதைகள் பெரும்பாலும் காப்டனின் அறையிலிருந்து எழுதப்பட்டவை. ஐரோப்பிய, அமெரிக்க வியாபாரக் கப்பல்களைத்தான் சொல்கிறேன். தேயிலை, கம்பளி, தானியம், நிலக்கரி, மாட்டுத் தோல் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்தின் சாமான்களையெல்லாம் சுமந்து திரிந்த கப்பல்கள். அந்தக் கப்பலின் பின்புறத்தில் காப்டனும், அவருக்கு அடுத்த அதிகாரியான மேட்டும். அங்கே மேஜை உண்டு, விளக்கு உண்டு, தனிக் கட்டில் உண்டு. முன்புறத்தில், அணியத்தை ஒட்டி, அலையின் அடியை முதலில் வாங்குகிற இடத்தில் மாலுமிகளின் அறை. சுவரில் வரிசையாகப் பலகை அடுக்குகள், அவைதாம் படுக்கை. மேலிருந்து தண்ணீர் கசியும். நனைந்த துணியை உலர்த்த இடம் கிடையாது. ஈரத்தோடு படுத்து ஈரத்தோடு எழுந்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு மணிக்கட்டில் கொப்புளம் கிளம்பும். அதன்மேல் எண்ணெய்த் துணிச் சட்டையின் ஓரம் உரசும்.

நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. இரவு பகல் என்கிற பேதம் இல்லை. மாதக்கணக்கில் இந்தக் கிரமம்தான். சேர்ந்தாற்போல் நாலு மணி நேரத்துக்கு மேல் அவன் தூங்க வழி கிடையாது. அந்த நாலு மணியிலும் புயல் வந்துவிட்டால் எல்லாரும் மேலே வரவேண்டும். மேலே என்றால் தளத்துக்கு மட்டும் அல்ல. பாய்மரத்தில் நூறடிக்கு மேல் கயிற்றேணியில் ஏற வேண்டும். பாய் தொங்குகிற குறுக்கு மரத்தை, நம் கப்பற்காரர்கள் பருமல் என்று சொல்வதை, வயிற்றால் அழுத்திக்கொண்டு, காலடியில் ஒற்றைக் கயிற்றின்மேல் நின்று, இரண்டு கையாலும் பாயைச் சுருட்ட வேண்டும். தென் அமெரிக்காவின் கோடியில் ஹார்ன் முனையைச் சுற்றும்போது அந்தப் பாய் உறைந்து தகரம் மாதிரி விறைத்திருக்கும். நகம் பிய்ந்துபோகும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் கீழே மரத்தளம். மறு பக்கம் சாய்ந்தால் கீழே கடல். விழுந்தவனை மீட்கப் படகு இறக்குவது நல்ல வானிலையிலேயே சந்தேகம்.

இதெல்லாம் நான் கற்பித்துச் சொல்வதல்ல. அனுபவித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ரிச்சர்ட் ஹென்றி டேனா. அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த பையன். அம்மை வந்து கண் பலவீனமாகிப் படிப்பு நின்றது. கடற்காற்றுக்காகப் பிரயாணியாகப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் சாதாரண மாலுமியாகப் பெயர் கொடுத்தார். 1834 ஆகஸ்டு 14-ந் தேதி 'பில்கிரிம்' என்ற சிறிய கப்பலில் பாஸ்டனிலிருந்து கிளம்பினார். வயது பத்தொன்பது. ஹார்ன் முனையைச் சுற்றிக் கலிபோர்னியாவுக்குப் போய் மாட்டுத் தோல் வாங்கி வருகிற கப்பல் அது. 1836-ல் வேறொரு கப்பலில் திரும்பி வந்தார். 1840-ல் புத்தகம் வெளிவந்தது. 'பாய்மரத்துக்கு முன்னால் இரண்டு வருஷம்' என்று அதன் பெயரைச் சொல்லலாம். பாய்மரத்துக்கு முன்னால் இருப்பவன் என்றால் சாதாரண மாலுமி என்று அர்த்தம். பின்னால் இருப்பவர்கள் அதிகாரிகள். புத்தகத்தின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 250 டாலர். சம்பாதித்தவர்கள் வேறு. எழுத்தாளர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கசையடி வருகிறது. கலிபோர்னியாவில் ஸான் பெட்ரோ துறையில் நடந்தது. ஸாம் என்ற மாலுமி, திக்கித் திக்கிப் பேசுகிறவன். காப்டனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. பேச்சில் தடித்தான் என்பதற்காக அவனைக் கட்டி அடிக்க ஏற்பாடு நடக்கிறது. ஜான் என்ற ஸ்வீடன் தேசத்து மாலுமி, அவனை எதற்காக அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். கேட்டது ஒன்றுதான் அவன் செய்த குற்றம். அவனையும் கட்டினார்கள். காப்டன் தம் கையாலேயே இருவரையும் அடித்தார். அடித்துக்கொண்டே, இந்தக் கப்பலில் உங்களுக்கு எஜமான் நான்தான், தெய்வமும் துணைக்கு வராது என்கிற பாவனையில் கூச்சலிட்டார். டேனா பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கலாமே என்று நாம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லலாம். தடுத்தால் கலகம், கலகத்தில் ஜெயித்தால் கடற்கொள்ளை. இரண்டுக்கும் சட்டத்தில் தண்டனை இருந்தது. அடிக்கிறவரைக் கேள்வி கேட்கத்தான் நடுக்கடலில் யாரும் இல்லை. அமெரிக்கக் கப்பல்களில் கசையடி சட்ட விரோதமானது 1850-ல்.

டேனா ஊர் திரும்பி வக்கீலானார். மாலுமிகளின் வழக்குகளை எடுத்துக்கொண்டார். மாலுமிகளுக்கு அவர்களுடைய உரிமைகளையும் கடமைகளையும் சொல்லும் கைப்புத்தகம் ஒன்றை 1841-ல் வெளியிட்டார்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிட்டு, "ஏன் ஐயா, கடலில் அழகே இல்லையா?" என்று கேட்பார். இருக்கிறது. அதையும் டேனாவே எழுதியிருக்கிறார். ஒரு ராத்திரி வேலையாகக் கப்பலின் முன்னால் நீண்டிருக்கும் மரத்தின் நுனி வரை போய்ப் படுத்துத் திரும்பிப் பார்க்கிறார். மேலுக்கு மேல் அடுக்கிய பாய்கள் எல்லாம் நிறைந்து, ஒரு சுருக்கம் இல்லாமல், சலவைக் கல்லில் செதுக்கினாற்போல் நிலவில் நிற்கின்றன. மெய்மறந்து பார்க்கிறார். பக்கத்தில் இன்னொரு மாலுமி. அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பாய்கள் சப்தமில்லாமல் வேலை செய்வதைப் பற்றித் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்கிறான். அந்த அழகைக் காணும் கண் மாலுமிக்கும் இருந்தது. நாங்கள்தான் அந்தக் கண்ணைக் காப்டனுக்கும் கதாநாயகிக்கும் மாத்திரம் வைத்தோம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பீப்பாயில் உப்பிட்டு அடைத்த மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி. கல் மாதிரி பிஸ்கோத்து. மேஜையில் தட்டினால் புழு வெளியே வரும். மாதக்கணக்கில் இதே ஆகாரமானால் ஸ்கர்வி என்ற நோய் காணும். ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய காயங்கள் மறுபடியும் பிளக்கும். இதற்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்து என்பது தெரியாத விஷயமா? ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர் 1747-ல், பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பரீட்சை செய்து பார்த்துவிட்டார். 1753-ல் புத்தகமும் எழுதினார். பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்களுக்கு 1795-ல் எலுமிச்சைச் சாறு வந்தது. வியாபாரக் கப்பல் மாலுமிக்கு நல்ல சாறு கிடைப்பதை உறுதிப்படுத்தச் சட்டத்தை இறுக்கியது 1867-ல்! மருந்து கண்டுபிடித்து நூற்றிருபது வருஷம் கழித்து. யுத்தக் கப்பலில் ஆள் செத்தால் அரசாங்கத்துக்கு நஷ்டம். வியாபாரக் கப்பலில் ஆள் செத்தால் துறைமுகத்தில் வேறு ஆள். கணக்கு அவ்வளவுதான்.

டேனா திரும்பி வந்த கப்பலிலும் ஸ்கர்வி வந்தது. ஓர் இளைஞனுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. நல்ல வேளையாக வழியில் எதிர்ப்பட்ட ஒரு கப்பலிலிருந்து உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கினார்கள். பச்சை உருளைக்கிழங்கை இடித்துச் சாறு பிழிந்து அவன் வாயில் விட்டார்கள். மற்றவர்கள் பச்சை வெங்காயத்தைப் பழம் தின்கிற மாதிரி தின்றார்கள். இளைஞன் பிழைத்து, சில நாளில் பாய்மரம் ஏறினான். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு எத்தனையோ பிரசித்தமான கடல் நாவல்களின் விருந்து வர்ணனைகள் எனக்கு வாயில் வைக்க விளங்காமல் போய்விட்டன.

சுதந்திரம் என்றாரே நண்பர், அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மாலுமி பிரயாணம் முடிந்து இறங்குகிறான். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துக் கால் தரையில் படுகிறது. துறைமுகத்தில் அவனை வரவேற்க ஒருவன் இருக்கிறான்: விடுதிக்காரன். தங்க இடம், குடி, கடன் எல்லாம் கொடுப்பான். சில நாளில் சம்பளம் கரைந்து, கடன் ஏறிவிடும். அப்புறம் விடுதிக்காரனே அவனை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவான். ஏற்றும்போது ஒன்றிரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாக எழுதி வாங்கி, கடனுக்கு வரவு வைத்துக்கொள்வான். தலைக்கு இவ்வளவு என்று காப்டனிடம் தரகும் உண்டு. அதற்கு ரத்தப் பணம் என்று மாலுமிகள் பெயர் வைத்திருந்தார்கள். குடியில் மருந்து கலந்து, நினைவில்லாதவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு வந்ததும் உண்டு. ஸான்பிரான்ஸிஸ்கோ இதற்குப் பேர் போன இடம். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியையும், அவன் கொடுத்த முன்பணத்தையும் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கப்பல் ஏறிய முதல் மாதம் அவன் உழைப்பதெல்லாம் ஏற்கெனவே கரைந்துபோன காசுக்கு. செத்த குதிரைக்கு உழைப்பது என்று இதைச் சொல்வார்கள். மாதம் முடிந்ததும் கித்தான் துணியில் வைக்கோல் அடைத்து ஒரு குதிரை செய்வார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே தளத்தில் இழுத்துப்போய், பருமல் நுனிக்கு ஏற்றி, கயிற்றை அறுத்துக் கடலில் விடுவார்கள். நாவல்களில் இது வேடிக்கைத் திருவிழாவாக வரும். வாஸ்தவத்தில் அது கடன் தீர்ந்த நாள். மறுநாளிலிருந்துதான் அவன் தனக்காகச் சம்பாதிக்க ஆரம்பிக்கிறான். அதிலும் காப்டனின் பெட்டியிலிருந்து காப்டன் சொன்ன விலைக்கு வாங்கிய புகையிலையும் சட்டையும் கழியும்.

மிச்சச் சம்பளம் பிரயாணம் முடிந்தால்தான் கையில் வரும். நடுவில் ஓடிப்போனால் அத்தனையும் பறிபோகும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில காப்டன்கள் துறைமுகம் நெருங்க நெருங்க வேண்டுமென்றே கொடுமையை அதிகப்படுத்துவார்கள். பொறுக்க முடியாமல் ஆள் ஓடிவிட்டால், பல மாதச் சம்பளம் முதலாளிக்கு மிச்சம். கப்பல் துறைமுகத்தில் கிடக்கும் நாட்களுக்கு அவனுக்குச் சோறும் போட வேண்டியதில்லை. ஸான்பிரான்ஸிஸ்கோ மாலுமிகள் சங்கத்தார் அமெரிக்கக் கப்பல்களில் நடந்த அக்கிரமங்களைத் திரட்டி, 1895-ல் 'சிவப்புக் குறிப்பேடு' என்ற பெயரில் அச்சிட்டு வெளியிட்டார்கள். கப்பல் பெயர், காப்டன் பெயர், நடந்தது என்ன, வழக்கின் முடிவு என்ன என்று வரிசையாகச் சொல்லிப் போகிறது. முடிவு என்ற இடத்தில் பெரும்பாலும் விடுதலைதான்.

ஓடிப்போனவனுக்குச் சம்பளம் போவதோடு தீர்ந்ததா? இல்லை. சிறையும் உண்டு. அதே 1895-ல் 'ஆரகோ' என்ற பாய்மரக் கப்பலிலிருந்து நான்கு மாலுமிகள், ஆரிகன் மாகாணத்தில் அஸ்டோரியா துறையில் இறங்கி, இனி இந்தக் கப்பலில் வேலை செய்ய மாட்டோம் என்று போய்விட்டார்கள். அவர்களைப் பிடித்துச் சிறையில் வைத்து, கப்பல் புறப்படும் சமயத்தில் கொண்டுபோய் ஏற்றினார்கள். கப்பலிலும் வேலை செய்ய மறுத்தார்கள். மறுபடியும் சிறை. வழக்கு அமெரிக்காவின் தலைமை நியாயஸ்தலம் வரை போயிற்று. அடிமைத்தனமும் கட்டாய வேலையும் கூடாது என்று 1865-லேயே அரசியல் சட்டத்தில் 13-வது திருத்தம் சேர்த்துவிட்ட தேசம் அது. 1897 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்தத் திருத்தம் மாலுமிகளுக்குப் பொருந்தாதாம்! ஆதி காலத்திலிருந்தே மாலுமியின் ஒப்பந்தம் தனி ரகமாம். மேலும், மாலுமிகள் மைனர் குழந்தைகளைப் போலப் பொறுப்பு முதிராதவர்களாம், சட்டம்தான் பெற்றோர் மாதிரி இருந்து அவர்களைக் காப்பாற்ற வேண்டுமாம். காப்பாற்றுகிற விதம், பிடித்துக் கப்பலில் ஏற்றுவது. ஹார்லன் என்ற ஒரே ஒரு நீதிபதி மாத்திரம், இது கட்டாய வேலைதான் என்று மாறுபட்டு எழுதினார்.

முன்பணம் வாங்கின கூலிக்காரன் வேலையை விட்டு நின்றால் தண்டிக்கலாம் என்று 1859-ல் நம் தேசத்திலும் ஆங்கிலேயர் ஒரு சட்டம் போட்டார்கள். ஆகையால் அமெரிக்காவைப் பார்த்து மட்டும் சிரிக்க நியாயமில்லை.

அந்தத் தீர்ப்பை மாற்ற ஆண்ட்ரூ பியூருஸெத் என்பவர் பல வருஷம் வாஷிங்டனில் நடையாய் நடந்தார். நார்வேயில் பிறந்தவர், தாமே பாய் சுருட்டிய மாலுமி. வேலையை விட்டுப் போன மாலுமியைச் சிறையில் போடுவது அமெரிக்காவில் முடிவுக்கு வந்தது 1915-ம் வருஷத்துச் சட்டத்தில். அதற்குள் பாய்மரக் கப்பல்களே அஸ்தமித்துக்கொண்டிருந்தன. இந்த மனிதரைப் பற்றி ஒரு நாவலாவது உண்டா என்று தேடினேன். எனக்கு அகப்படவில்லை. கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றி ஓர் அலமாரி நிறைய அகப்பட்டது.

இங்கிலாந்தின் கதை இன்னும் விநோதம். அங்கே ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, நல்ல தொகைக்கு இன்ஷூரன்ஸ் செய்து அனுப்புவார்கள். சேர்ந்தால் சரக்கில் லாபம்; முழுகினால் இன்ஷூரன்ஸ். கையெழுத்துப் போட்ட மாலுமி, கப்பலைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால் ஜெயில். சவப்பெட்டிக் கப்பல்கள் என்று ஜனங்கள் சொன்னார்கள். ஸாமுவேல் பிளிம்ஸால் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் 1873-ல் இதைப் புத்தகமாக எழுதினார். 1875-ல் மசோதாவைத் தள்ளிப்போட்டபோது சபையிலேயே முஷ்டியை ஆட்டிச் சத்தம் போட்டார்; மரியாதை தவறினார் என்று பெரிய மனிதர்களுக்கு வருத்தம். அடுத்த வருஷம் சட்டம் வந்தது: ஒவ்வொரு கப்பலிலும் பாரம் ஏற்றும் எல்லைக்குக் கோடு போட வேண்டும். கோட்டை எங்கே போடுவது? அது முதலாளி இஷ்டம்! அந்த இஷ்டத்தைப் பறித்தது 1890-ல் வந்த சட்டம்.

சரி, முதலாளிகளும் நீதிபதிகளும் இருக்கட்டும். எங்கள் தொழிலுக்கு வருகிறேன்.

'கட்டி ஸார்க்' என்ற கப்பலைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1869-ல் ஸ்காட்லாந்தில் கட்டியது. தேயிலையும் பிறகு கம்பளியும் சுமந்து வேகத்துக்குப் பெயரெடுத்தது. 1954-லிருந்து லண்டன் பக்கத்தில் கிரீன்விச்சில் காட்சிக்கு நிற்கிறது. 2007-ல் தீப்பிடித்து, செப்பனிட்டு, 2012-ல் மறுபடியும் திறந்தார்கள். 1880-ல் இந்தக் கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாய் திருப்புகிற வேலையின்போது, நான் என் தொடர்கதையில் ஒரே வரியில் தாண்டிப்போன அதே வேலையின்போது, ஜான் பிரான்ஸிஸ் என்ற கறுப்பு மாலுமி மேட்டின் உத்தரவுப்படி கயிற்றை விடவில்லை. மேட் அவனை நோக்கிப் போனார். நங்கூரச் சக்கரத்தில் செருகித் தள்ளும் தடியை அவன் ஓங்கினான் என்று மேட் தரப்பில் சொன்னார்கள். மேட் அதைப் பிடுங்கி அவன் மண்டையில் அடித்தார். நினைவு திரும்பாமலே அவன் இறந்தான்.

கவனித்தீர்களா? கொன்றவரை 'அவர்' என்கிறேன். செத்தவனை 'அவன்' என்கிறேன். கட்டுரை முழுவதும் அப்படியே எழுதி வந்திருக்கிறேன். டேனாவும் மாலுமிதான், ஹார்வர்டில் படித்ததனால் அவருக்கு மரியாதை கிடைத்தது. கித்தான் குதிரை செய்தவன், வெங்காயம் தின்றவன் எல்லாரும் 'அவன்'. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த எனக்கே கை அப்படி ஓடுகிறது என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்? திருத்திக்கொள்கிறேன். ஜான் பிரான்ஸிஸ் இறந்தார்.

காப்டன் வாலஸ், மேட்டை ஜாவாத் தீவுக் கரையில் வேறொரு கப்பலுக்குத் தப்பவிட்டார். தளத்து மாலுமிகள் வேலை செய்ய மறுத்தார்கள். சில நாளில் காப்டன், நடக்கப் போவதை நினைத்துக் கலங்கிப்போய்க் கடலில் குதித்து உயிரை விட்டார். மேட் பின்னால் அகப்பட்டார். 1882-ல் லண்டன் கோர்ட்டில் ஏழு வருஷம் தண்டனை.

இந்தச் சம்பவத்தை வைத்து ஜோஸப் கான்ராட் 1910-ல் ஒரு கதை வெளியிட்டார். 'ரகசியப் பங்காளி' என்று அதன் பெயரைச் சொல்லலாம். உலகத்துச் சிறந்த கதைகளில் ஒன்று என்று கொண்டாடுகிறார்கள். நானும் கொண்டாடியவன்தான். ஓர் இளம் காப்டன்; நடுராத்திரியில் கடலிலிருந்து நீந்தி வந்து அவர் கப்பலைப் பற்றிக்கொள்கிற ஒரு மேட். வேறு கப்பலில் ஒரு மாலுமியைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, காப்டனைப் போலவே சாயல். காப்டன் அவரைத் தம் அறையில் ஒளித்து வைத்து, கடைசியில் ஒரு தீவருகே தப்பவிடுகிறார். படிக்கிற நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிடிபட்டுவிடக் கூடாதே, பிடிபட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறோம். யார் பிடிபடக் கூடாது என்று? கொன்றவர். செத்தவர் யார்? கதையில் அவருக்குப் பெயர்கூட இல்லை. வேலைக்கு உதவாத, முறைக்கிற, கேவலமான ஒரு பிறவி என்று கொன்றவர் வாயாலேயே கேள்விப்படுகிறோம். அவ்வளவோடு சரி.

கான்ராட் நாற்காலியில் உட்கார்ந்து கடலைக் கற்பனை செய்தவராக இருந்தால் எனக்கு வருத்தமில்லை. அவர் 1878-ல் 'டியூக் ஆப் ஸதர்லாந்து' என்ற கம்பளிக் கப்பலில் சாதாரண மாலுமியாக, முன்புறத்து அறையில் படுத்து, லண்டனிலிருந்து ஸிட்னி வரை போய்த் திரும்பியவர். பிற்பாடு பரீட்சைகள் தேறி மேட் ஆனார். 1886-ல் காப்டனுக்கான பரீட்சையும் தேறினார். மாலுமிகளைப் பற்றி, அவர்களுடைய உழைப்பைப் பற்றி, வேறு நாவல்களில் யாரும் எழுதாத விதமாக எழுதியிருக்கிறார். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கொலையை எடுத்துக்கொண்டு, யார் பக்கம் உட்கார்ந்து கதை சொல்வது என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில் அவர் பின்புறத்து அறைக்குப் போய்விட்டார். அங்கே விளக்கு இருக்கிறது. பேச வந்தவருக்கு நல்ல பாஷை இருக்கிறது. முன்புறத்தில் இருட்டு.

"கதைக்கு ஸ்வாரஸ்யம் வேண்டாமா? எல்லாக் கதையும் சம்பளக் கணக்காக இருக்க முடியுமா?" என்று பத்திரிகாசிரியர்கள் கேட்பார்கள். இருக்க வேண்டாம். கசையடி பட்ட ஜான், எதற்காக என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்வியில் இல்லாத ஸ்வாரஸ்யம் எந்த நிலவொளியில் இருக்கிறது? வாயைத் திறக்க முடியாத இளைஞனுக்கு உருளைக்கிழங்குச் சாறு புகட்டிய கைகளைவிட எந்தக் காதலன் கைகள் உயர்த்தி? எங்களுக்குக் கதை கிடைக்காமல் இல்லை. முன்புறம் போய்க் குனிந்து பார்க்கச் சோம்பல்.

நண்பருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. நீராவிக் கப்பல் வந்த பிறகும் பாய்மரம் ஏன் அவ்வளவு காலம் நீடித்தது? காற்றுக்குக் காசில்லை என்பார்கள். கயிறு இழுத்த கைகளுக்கும் ஏறக்குறைய காசில்லை. பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்துத் தீவுகளில் குஸ்தாப் எரிக்ஸன் என்ற முதலாளி 1930-களிலும் பெரிய பாய்மரக் கப்பல்களை ஆஸ்திரேலியக் கோதுமைக்கு ஓட்டி லாபம் கண்டார். தொழில் பழக வந்த பையன்கள் சம்பளம் மிகக் குறைவாக வாங்கியதோடு, சேர்வதற்கு அவருக்கே கட்டணம் கட்டினார்கள்! எரிக் நியூபி என்ற ஆங்கிலப் பையன் பதினெட்டு வயதில், 1938-ல், அப்படிச் சேர்ந்து போன கப்பல் 'மோஷுலு'. மூவாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல். 1939-ல் கோதுமையோடு தொண்ணூற்றொரு நாளில் அயர்லாந்து வந்து சேர்ந்து, அந்த வருஷத்துப் பந்தயத்தில் ஜெயித்தது. நியூபி 1956-ல் புத்தகம் எழுதினார். கப்பலைப் பிற்காலத்தில் பிலடெல்பியா நகரத்தில் உணவு விடுதியாக்கினார்கள்.

நண்பர் அடுத்த புத்தகம் கேட்டபோது டேனாவை எடுத்துக் கொடுத்தேன். மூன்று வாரமாயிற்று, இன்னும் திருப்பித் தரவில்லை. நேற்று பஸ் நிலையத்தில் அகப்பட்டார். புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கசையடியைத் தாண்டிவிட்டேன் ஸார். உருளைக்கிழங்கு கிட்டத்தட்ட வந்தாயிற்று. அந்தப் பையன் பிழைப்பான், இல்லையா?" என்றார்.

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லவில்லை, தாமே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.